பாதி சொன்னால் போதுமா?

அறிவைத் தேடுவோன் ஓர் உயிரை வாங்கினால், அவ்வுயிர் தந்த செய்தியை முழுமையாகச் சொல்லியாக வேண்டும். பாதியைச் சொல்லிப் பாதியைப் பெட்டிக்குள் பூட்டுவது கல்வியாகாது. கல்வியின் பெயரால் நடக்கும் மோசடியே ஆகும். பிராணிகளைக் கொண்டு நடத்தப்படும் ஆராய்ச்சிகளைக் குறித்தே இதனைச் சொல்கிறோம். "எலிக்கும் குரங்குக்கும் நேர்வது நமக்கெதற்கு?" என வினவும் அன்பர்களுக்கு, நம் அடுப்படியிலிருந்தே விடை கூறலாம்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலையை அறியாதார் யார்? டி.எம்.வி. என்று பெயர் பூண்ட கடலை ரகங்கள் சுட்டுவது திண்டிவனத்தையே அன்றோ? எண்ணெய் நம் தாளிப்புக்கு. பிண்ணாக்கு நம் மாட்டுக்கு. அக்கடலை ஈரம்பட்டுப் பூஞ்சணம் பூத்தால், அதில் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு ஊறுகிறது. 1960இல் இங்கிலாந்தில், கடலைப் பிண்ணாக்கு கலந்த தீனியைத் தின்ற ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோதுதான் உலகம் இந்நஞ்சைத் தேடத் தொடங்கியது.

நம் நாட்டிலும் ஆய்வு நடந்தது. 1918இல் குன்னூரில் தொடங்கிப் பின்னர் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில், மாதவனும் சேலத்தில் பிறந்த கோபாலனும் எலிகளுக்கு இந்நஞ்சைக் கொடுத்துப் பார்த்தனர். 1965இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: புரதம் குறைந்த தீனியுண்ட எலிக்குட்டிகளின் ஈரலையே நஞ்சு கடுமையாகத் தாக்கிற்று. 1968இல் வெளியிட்ட முடிவு: புரதம் மிகுந்த தீனியுண்ட எலிகளுக்கே நாளடைவில் ஈரலில் புற்றுக்கட்டிகள் தோன்றின. ஒரே கூடம், ஒரே நஞ்சு; முடிவுகளோ இரண்டு.

2005இல் அமெரிக்காவில் வெளிவந்த 'தி சைனா ஸ்டடி' என்னும் நூல் இரண்டாம் முடிவைப் பெரிதும் பரப்பியது. அதை மட்டும் கேட்ட ஒரு தாய், தன் மெலிந்த பிள்ளையின் தட்டிலிருந்து முட்டையையும் பாலையும் எடுத்துவிட்டால் பழி யாரைச் சேரும்? அப்பிள்ளைக்குரிய எச்சரிக்கை முதல் முடிவிலன்றோ இருக்கிறது! ஹைதராபாத் அறிஞர்கள் இரண்டையும் அச்சேற்றியதால் நாம் இன்று ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. அச்சேறாமல் போன முடிவுகளை யார் ஒப்பிடுவது?

எதிர்பார்த்தது கிட்டாத ஆய்வுகள் பல, உலகெங்கும் அலமாரியிலேயே உறங்குகின்றன. அதை அறியாத மற்றொருவர் அதே சோதனைக்கு மறுபடியும் வாயில்லா ஜீவன்களைப் பலியிடுகிறார். ஹதீஸ்கலை வல்லுநர்கள் பலவீனமான அறிவிப்புகளை எரித்துவிடவில்லை; அறிவித்தவர் பெயரையும் பலவீனத்தின் காரணத்தையும் குறித்தே வைத்தனர். தோல்வியையும் பதிவு செய்வதே ஆய்வின் ஒழுக்கம் என்பது நமக்குப் புதிய பாடமன்று.

மனிதர்மீது மருந்தைச் சோதிக்க விரும்புவோர் முன்கூட்டியே பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டுமென்பது, நம் நாட்டில் 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். பிராணிச் சோதனைக்கோ, 1960ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குழுக்கள் உண்டு, அனுமதியும் உண்டு. எத்தனை உயிர் போயிற்று, என்ன தெரிந்தது என்று குடிமகன் பார்த்தறிய அத்தகைய பதிவேடு எங்கே? எத்தனை பிராணிகள், எவை கணக்கிலிருந்து நீக்கப்பட்டன, ஏன் என்பவற்றையெல்லாம் எழுத வேண்டுமென்று பிரிட்டனில் 'அரைவ்' நெறிமுறைகள் 2010இலேயே வகுக்கப்பட்டுவிட்டன. ஜெர்மனி 2019இல் பிராணி ஆய்வுகளுக்கென்றே பதிவேடு திறந்தது.

"திட்டத்தை முன்னரே சொன்னால் பிறர் திருடிவிடுவர்" என்பது ஒரு சாக்கு. ஜெர்மானியப் பதிவேட்டில் குறித்த காலம்வரை விவரத்தை மறைத்து வைக்க வழியுண்டு. "சொன்னால் கலகக்காரர் வருவர்" என்பது மற்றொரு சாக்கு. ஐயத்தை வளர்ப்பது மூடிய கதவேயன்றித் திறந்த ஏடன்று.

ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லவில்லை. அதனால் விளைந்த நன்மைகளை மறுப்பது நன்றிகேடு. பொதுப் பணத்தில் நடக்கும் ஒவ்வொரு பிராணிச் சோதனையும் தொடங்குமுன் பதியப்பட வேண்டும். முடிந்தபின், முடிவு கசந்தாலும் வெளியாக வேண்டும். இதைச் சட்டமாக்கும்படி நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கேட்போம். உயிரை எடுத்தவன் கணக்கையும் கொடுக்கட்டும்!