இப்போதைக்கு மேக்ஸ்வெல்!

போன வருஷம் பழைய ரூம்மேட்டுக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பய பிளாஸ்மாவில் பிஎச்டி பண்றான், நான் வழக்கம்போல பொட்டி தட்டறவன். எலெக்ட்ரான் மோதி அணு அயனியாகும் வீதத்தைக் கணக்கிடும் இடத்தில் சராசரி வெப்பநிலையைப் போட்டு, பக்கத்துல "இப்போதைக்கு மேக்ஸ்வெல்"னு ஒரு கமெண்ட்டும் எழுதி வெச்சேன். எந்த "இப்போதைக்கு" தானா போயிருக்கு? கணக்கும் அளவீடும் ஒத்துப் போகலை. மூணு மாசம் கருவியைத் திட்டினோம். தப்பு என்னோட அந்த ஒத்தை வரியில்.

சரி, மேட்டருக்கு வருவோம். ஒவ்வொரு வேகத்திலும் எத்தனை எலெக்ட்ரான், அந்த வேகத்தில் மோதினால் அயனியாக எவ்வளவு வாய்ப்பு, இரண்டையும் வேகத்தோடு பெருக்கி மொத்தமாகக் கூட்டினால் அதுதான் வீதம். சாதாரண நிலையில் இருக்கும் ஹைட்ரஜனுக்கு 13.6 எலெக்ட்ரான் வோல்ட் வேணும். அதுக்குக் கீழே இருக்கிற கூட்டம் எத்தனை முறை முட்டினாலும் பூஜ்யம்தான். வேலை பார்ப்பது பரவலின் வால் மட்டும். அந்த வாலைத்தான் நாம பார்க்காமலே முடிவு கட்டறோம்.

ஒரு கணக்கு. வெப்பநிலை 1 எலெக்ட்ரான் வோல்ட், அதாவது சுமார் 11,600 கெல்வின். 10,000 எலெக்ட்ரானில் ஒண்ணே ஒண்ணை மட்டும் 30 எலெக்ட்ரான் வோல்ட் கூட்டத்துக்கு மாத்துங்க. சராசரி ஏறுவது வெறும் 0.3 சதவீதம். அந்தப் புதுச் சராசரியை வொரொனொவ் 1997-ல் வெளியிட்ட சூத்திரத்தில் போட்டால் வீதம் 4 சதவீதம் ஏறும். இரண்டு கூட்டத்தையும் தனித்தனியா போட்டுக் கூட்டினால்? சுமார் 275 மடங்கு! இதுக்குப் பேரு தோராயமா?

வெறும் பேப்பர் கணக்குன்னு நினைக்காதீங்க. சூரிய ஃப்ளேர்களில் இந்த மாதிரி வேகமான எலெக்ட்ரான்கள் உண்டு. ரெஸ்ஸி செயற்கைக்கோள் 2002 முதல் 2018 வரை அவற்றின் எக்ஸ்-கதிர்களைத்தான் படம் பிடிச்சது. எதிர்ப்பக்கமும் இருக்கு. குறைந்த அழுத்த ஆர்கான் டிஸ்சார்ஜில் வேகமான எலெக்ட்ரான்கள் மோதி மோதியே சக்தியை இழக்கும், வால் மெலியும். அங்கே மேக்ஸ்வெல் வீதத்தைக் கூட்டிச் சொல்லும்.

மேக்ஸ்வெல் மேல எனக்குக் கோபமில்லை. எலெக்ட்ரான்கள் தங்களுக்குள் போதுமான அளவு மோதிச் சமநிலைக்கு வந்துட்டா அவர் சொன்னதுதான் சரி. வந்துடுச்சான்னு கேட்காம போடறதுதான் தப்பு.

"வேற வழி கஷ்டம்பா" என்ற சால்ஜாப்பும் செல்லாது. டிஸ்சார்ஜுக்கு ஹாகலார், பிட்ச்ஃபோர்ட் இருவரின் போல்சிக் பிளஸ் 2005-லேயே வந்தாச்சு. கப்பா பரவலைப் பல மேக்ஸ்வெல்களின் கூட்டாக எழுதலாம்னு ஹான், சாவின் 2015-ல் காட்டிட்டாங்க. பழைய வீத அட்டவணையே போதும், நாலு வரி லூப்.

ஆபீஸ்ல "சராசரி ரெஸ்பான்ஸ் டைம் சூப்பர்"னு மேனேஜர் சொன்னா நாம சிரிக்கிறோம். திட்டிட்டுப் போற கஸ்டமர் வாலில் இருக்கான்னு நமக்குத் தெரியும். பிளாஸ்மான்னு வந்தா மட்டும் அந்த அறிவு எங்கே போகுது?

டிஸ்கி: அந்த கமெண்ட்டைத் தூக்கிட்டேன். இப்போ அங்கே "முதல்ல வாலைப் பாரு"ன்னு இருக்கு :-)