ஏட்டுச் சேமிப்பு, மீட்டர் சேமிப்பு

ஏழை வீட்டுக்கு அரசாங்கம் பத்து ரூபாய் செலவழித்தால் பதினோரு பேர் கணக்குக் கேட்பார்கள். கேட்கட்டும், தப்பில்லை. ஆனால் எந்தக் கணக்கைக் கேட்கிறார்கள், அதை யார் போட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் அரை நூற்றாண்டாக நடந்துவரும் ஒரு திட்டத்தின் கணக்கு வழக்கைக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நலத்திட்டம் எதுவானாலும் அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி அமெரிக்காவை உலுக்கின. அந்தச் சூட்டில் 1976இல் ஒரு சட்டம் வந்தது. வருமானம் குறைந்த குடும்பங்களின் வீடுகளைக் குளிர்காற்று புகாதபடி அரசுச் செலவில் செப்பனிட்டுத் தரவேண்டும் என்றது அந்தச் சட்டம். ‘வெதரைசேஷன்’ என்று இந்த வேலைக்குப் பெயர். கேஸ் பில் கட்ட உதவித்தொகை கொடுத்தால் அது அந்தக் குளிர்காலத்தோடு புகையாகப் போய்விடும். வீட்டையே சரிசெய்து கொடுத்தால் வருடா வருடம் பில் குறையும் என்பது யோசனை. ஆரம்ப காலத்தில் ஜன்னலுக்கு பிளாஸ்டிக் தாள் ஒட்டி, இடுக்குகளை அடைத்துவிட்டுப் போனார்கள். இன்று பயிற்சி பெற்ற ஆட்கள் கருவிகளோடு வருகிறார்கள். 2009இல் பொருளாதாரச் சரிவைத் தூக்கி நிறுத்த ஒபாமா அரசு இறக்கிய பணத்தில் 500 கோடி டாலர் இந்த ஒரு திட்டத்துக்கே வந்தது.

வேலை நடக்கும் விதம் பார்க்க வேண்டியது. வாசல் நிலையில் ஒரு துணித்திரையை இறுக்கமாகப் பொருத்தி, அதன் நடுவே பெரிய மின்விசிறி ஒன்றை வைத்து, வீட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுக்கிறார்கள். உள்ளே காற்றழுத்தம் வெளியைவிட 50 பாஸ்கல் குறையும்வரை விசிறி ஓடும். அப்போது வீட்டிலுள்ள ஓட்டையெல்லாம் தானாகக் காட்டிக்கொடுத்துவிடும். சுவிட்ச் போர்டுக்குப் பின்னால், புகைபோக்கியின் ஓரத்தில், பரணுக்கு ஏறும் மூடியின் விளிம்பில் என்று எங்கெல்லாம் இடுக்கு இருக்கிறதோ அங்கெல்லாம் காற்று உள்ளே சீறும். புறங்கையை வைத்தாலே சில்லென்று படும். அங்கே பெரும்பாலான வீடுகள் மரச்சட்டத்தில் நிற்பவை, சுவர்கள் உள்ளே கூடு. வெளிப்புறத்தில் துளைபோட்டு, பழைய செய்தித்தாளை அரைத்துத் தீப்பிடிக்காத மருந்து கலந்த பஞ்சைக் குழாய் வழியாக அந்தக் கூட்டுக்குள் ஊதி நிரப்புகிறார்கள். பரணிலும் அதே பஞ்சு. முடித்தபின் விசிறியை மறுபடி ஓட்டி, கசிவு எவ்வளவு குறைந்தது என்று பார்க்கிறார்கள்.

இதுவரை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலை. சிக்கல் அதற்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. எந்த வீட்டில் எந்த வேலையைச் செய்வது என்று முடிவு செய்வது ஒரு கணினி மென்பொருள். வீட்டின் நீள அகலம், சுவரின் கனம், ஹீட்டரின் வயது, ஊரின் குளிர் எல்லாவற்றையும் அதில் கொடுத்தால், ‘இந்த வேலைக்கு இவ்வளவு செலவு, ஆயுட்காலத்தில் இவ்வளவு மிச்சம்’ என்று சொல்லும். மிச்சம் செலவுக்குக் குறையாமல் இருந்தால்தான் அந்த வேலைக்கு அனுமதி. ஆக, திட்டம் முழுவதும் நிற்பது இன்னும் நடக்காத ஒரு சேமிப்பின் மதிப்பீட்டின் மேல்.

சரி, நடந்த சேமிப்பை அளப்பது எப்படி? போன வருட பில்லையும் இந்த வருட பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதாதா? போதாது. இந்த வருடம் குளிரே குறைவாக இருந்திருக்கலாம். அதனால் அங்கே குளிரையே அலகு போட்டு எண்ணுகிறார்கள். 65 டிகிரி ஃபாரன்ஹீட்டை எல்லையாக வைத்து, ஒரு நாளின் சராசரி 25 டிகிரி என்றால் அந்த நாளுக்கு 40 ‘டிகிரி நாள்’ என்று கணக்கு. கோடைக்கால பில்லில் இருப்பது சமையலுக்கும் வெந்நீருக்கும் ஆன கேஸ். ஜனவரி பில்லில் அதைக் கழித்தால் மீதி வீட்டைச் சூடாக்கப் போனது. அதை அந்த மாதத்து டிகிரி நாட்களோடு ஒப்பிட்டால், வருடம் எப்படி இருந்தாலும் வீட்டின் உண்மையான பசி தெரிந்துவிடும். 1980களில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் ஃபெல்ஸ் இந்த முறையை ஒழுங்குபடுத்திக் கொடுத்தார்.

அதிலும் ஒரு ஓட்டை உண்டு. தானாக முன்வந்து விண்ணப்பிக்கும் குடும்பமும், விண்ணப்பிக்காத குடும்பமும் ஒன்றல்ல. முன்வருகிறவர் எப்படியும் சிக்கனமாக இருக்கப்போகிறவராக இருக்கலாம். இதை நேர்செய்ய மெரடித் ஃபவுலி, மைக்கேல் கிரீன்ஸ்டோன், கேத்தரின் வோல்ஃப்ரம் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் மிச்சிகன் மாநிலத்தில் சுமார் 30,000 குடும்பங்களை எடுத்துக்கொண்டார்கள். தகுதியுள்ள ஏழைக்கு ‘உனக்கு இல்லை’ என்று சொல்ல முடியாது. அதனால் குலுக்கல் முறையில் ஒரு பகுதியினரை மட்டும் வீடு தேடிப்போய், போன் போட்டு, விண்ணப்பத்தை நிரப்ப உதவி செய்து, சேரும்படி ஊக்கப்படுத்தினார்கள். மற்றவர்களை அவர்கள் போக்கில் விட்டார்கள். பிறகு இரண்டு தரப்பின் மீட்டரையும் பார்த்தார்கள்.

முதல் அதிர்ச்சி, சேர்ந்தவர்களின் எண்ணிக்கை. ஒரு வீட்டுக்குச் சுமார் 5,000 டாலர் மதிப்புள்ள வேலை, காசு வாங்காமல் நடக்கிறது. ஊக்கப்படுத்தாதவர்களில் சேர்ந்தது 1 சதவீதத்துக்கும் கீழே. அவ்வளவு பாடுபட்டும் ஊக்கப்படுத்தியவர்களில் சுமார் 6 சதவீதம்தான். வருமானச் சான்று, ஆய்வுக்கு வரும் ஆட்களுக்காக வேலைக்கு லீவு, வீட்டுக்குள் அந்நியர்கள் என்று இலவசத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. அதை ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது அதிர்ச்சி, சேமிப்பு. மீட்டர் குறைந்தது, 10 முதல் 20 சதவீதம் வரை. அது சின்ன விஷயமில்லை. ஆனால் மென்பொருள் சொன்ன சேமிப்பு உண்மைச் சேமிப்பைப்போல மூன்று மடங்குக்கும் மேல். செலவோ, கிடைத்த சேமிப்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2018இல் இந்த ஆய்வு அச்சானபோது ஆண்டு வருவாய் விகிதம் மைனஸ் 7.8 சதவீதம் என்று எழுதினார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார் சும்மா சொல்லவில்லை.

உடனே ஒரு சமாதானம் சொல்வது வழக்கம்: ‘பில் குறைந்ததும் ஜனங்கள் ஹீட்டரைக் கூட்டி வைத்துக்கொண்டார்கள், அதனால்தான் சேமிப்பு குறைந்தது.’ மிச்சிகன் குழு அதையும் சோதித்தது. செப்பனிட்ட வீடுகளில் உள்வெப்பம் குறிப்பிடும்படி கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பிறகு இலினாய் மாநிலத்தில் இதே திட்டத்தை வேறொரு குழு பிரித்து மேய்ந்தது. ஏட்டுக்கும் மீட்டருக்கும் உள்ள இடைவெளியில் 41 சதவீதம் வரை மென்பொருளின் மிகைக் கணக்கு, முக்கியமாகச் சுவர்ப் பஞ்சு விஷயத்தில். 43 சதவீதம், வேலை செய்த ஆட்களின் கைப்பக்குவத்தில் இருக்கும் ஏற்றத்தாழ்வு. ஹீட்டரைக் கூட்டியதால் வந்தது வெறும் 6. பழியை ஏழையின் மேல் போடுவது எவ்வளவு சுலபமாக இருந்தது பாருங்கள்!

மென்பொருள் ஏன் மிகையாகச் சொல்கிறது என்பதற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு தடயம் இருக்கிறது. மின்னா சுனிக்கா-பிளாங்க், ரே கால்வின் என்ற இருவர் 2012இல் அங்குள்ள வீடுகளின் புள்ளிவிவரங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். கணக்குப்படி எரிக்க வேண்டியதைவிடச் சராசரியாக 30 சதவீதம் குறைவாகவே மக்கள் எரிக்கிறார்கள். வீடு மோசமாக இருக்க இருக்க இந்த வித்தியாசம் கூடுகிறது. மோசமான வீட்டில் யார் இருப்பார்கள்? எல்லா அறையும் கதகதப்பாக இருக்கிறது என்று கணினி நினைத்துக்கொள்கிறது. கையில் காசில்லாத குடும்பமோ ஒரே அறையை மட்டும் சூடாக்கி, மற்ற கதவுகளைச் சாத்திவிட்டு, கம்பளிக்குள் சுருண்டு கிடக்கிறது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஏற்கெனவே மிச்சம் பிடித்தவரிடம் இன்னும் எதை மிச்சம் பிடிப்பது? எரிக்காத கேஸை யாரும் சேமிக்க முடியாது.

‘பில்லை மட்டும் பார்த்தால் எப்படி, உடல்நலம் இல்லையா?’ என்று அடுத்த தரப்பு கேட்கும். நியாயமான கேள்வி. ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் திட்டத்தை நாடு முழுவதும் மதிப்பிட்டு, ஒரு வீட்டுக்கு 14,148 டாலர் அளவுக்கு உடல்நல, குடும்ப நன்மை என்று சொன்னது. காப்பாற்றிய உயிர்களுக்கு இட்ட விலையும் அதில் அடக்கம். ஆனால் ஆற்றல் கணக்கில் விழுந்த துண்டை மூட உடல்நலத்தை ஒட்டுப்போடக் கூடாது. அதையும் மீட்டரைப் பார்த்த அதே கறாரோடு பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தவர்கள் நியூசிலாந்தில் இருக்கிறார்கள். ஃபிலிப்பா ஹவுடன்-சாப்மன் தலைமையிலான குழு 1,350 ஏழைக் குடும்பங்களைக் குலுக்கலில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியின் வீடுகளுக்கு முதலில் வெப்பக்காப்பு போட்டது. மற்ற பாதிக்கு ஆய்வு முடிந்ததும் போட்டுக் கொடுத்தார்கள். 2007இல் வெளியான முடிவு: படுக்கையறை வெப்பம் கூடியது அரை டிகிரி செல்சியஸ்தான். ஆற்றல் செலவு மற்ற வீடுகளில் ஆனதில் 81 சதவீதம். ஆனால் இளைப்பு வந்ததாகவும், பிள்ளைகள் பள்ளிக்குப் போகவில்லை என்றும், பெரியவர்கள் வேலைக்கு மட்டம் போட்டதாகவும் சொன்னவர்கள் கணிசமாகக் குறைந்தார்கள். பத்து டிகிரிக்குக் கீழே இருக்கும் அறையில் குழந்தை கழிக்கும் நேரம் குறைந்தாலே அது பெரிய காரியம். அந்தக் காரியத்தை எந்த கேஸ் பில்லிலும் காண முடியாது.

என் தீர்ப்பு இதுதான். மிச்சிகன் ஆய்வைக் காட்டி ‘திட்டத்தை மூடு’ என்பவர்கள் பாதிதான் படித்திருக்கிறார்கள். ‘ஏழைக்குச் செய்வதில் என்ன கணக்கு’ என்பவர்கள் அந்தப் பாதியையும் படிக்கவில்லை. மிகையான கணக்கை நம்பி ஒரு வீட்டின் சுவருக்குக் கொட்டிய பணத்தில் இன்னும் இரண்டு வீட்டின் பரணை அடைத்திருக்கலாம். அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் வரிசையில்தான் நிற்கிறார்கள். கணக்குக் கேட்பது அவர்களுக்காக.

இந்த நோய் அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமில்லை. இனி எந்த மேடையிலாவது ‘இத்தனை கோடி யூனிட் மிச்சம்’ என்று யாராவது முழங்கினால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மீட்டரில் பார்த்ததா, பேப்பரில் பெருக்கியதா?