மியூனிக் காளைக்குப் பெங்களூரில் அனுமதி இல்லை

செப்டம்பர் கடைசியில் பெங்களூரு பப்புகளில் நீலமும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட கொடிகள் ஏறிவிடுகின்றன. அக்டோபர்ஃபெஸ்ட். மியூனிக் நகரத்தின் இலையுதிர்கால பியர் திருவிழாவை நம்மூரில் நகலெடுக்கிறார்கள். நீள மேசை, ஒரு லிட்டர் குவளை, தோல் அரைக்கால் சட்டை, பேண்டு வாத்தியம் என்று எல்லாம் வந்து இறங்குகின்றன. நான் போய்ப் பார்த்த விழாக்களில் பன்றி சாசேஜ் இருந்தது, கோழி இருந்தது, ஜெர்மானியர் கேள்வியே பட்டிராத பனீர் டிக்காகூட இருந்தது. மாட்டுக்கறி மட்டும் இல்லை.

ஒரு இளவரசனின் திருமணத்தையொட்டி 1810-ல் தொடங்கியது அந்த மியூனிக் விழா. அங்கே 1881 முதல் முழுக்காளையைக் கம்பியில் கோத்துச் சுடுகிற கூடாரம் ஒன்று இருக்கிறது. எந்தக் காளை சுடப்படுகிறதோ அதன் பெயரையும் எடையையும் பலகையில் எழுதி வைக்கிறார்கள். ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. தொப்பி வரைக்கும் நகலெடுத்தவர்களின் கண்ணில் இந்தக் கூடாரம் மட்டும் படவில்லை என்றால் நம்ப முடியுமா?

சட்டம் தடுக்கிறதே என்பார்கள். கர்நாடகத்தின் 2020-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுமையானதுதான். மாட்டை வெட்டினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. ஆனால் 13 வயது கடந்த எருமையை வெட்ட அதே சட்டம் இடம் தருகிறது. சிவாஜிநகர்த் தெருக்களில் சாயங்காலமானால் மாட்டுக்கறிக் கபாப் புகைகிறது. அந்த அடுப்புக்காரர்களில் ஒருவரைத் திடலுக்குள் கூப்பிட எந்தச் சட்டம் தடுத்தது? தடுப்பது முகச்சுளிப்பு. மாட்டுக்கறி உண்பதில்தான் தீண்டாமையின் வேர் இருக்கிறது என்று அம்பேத்கர் 1948-லேயே வாதிட்டார். அந்த முகச்சுளிப்புக்கு இப்போது நுழைவுக் கட்டணமும் வைத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுத் தோழர்கள் சிரிக்க வேண்டாம். 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தப்போவதாக அறிவித்தது மாவட்ட நிர்வாகம். கோழிக்கும் ஆட்டுக்கும் இடம் தந்தது, மாட்டுக்குத் தரவில்லை. அதுவும் ஆம்பூரில்! எதிர்ப்பு வலுத்ததும் மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளிவைத்தார்கள். மற்றவர்களோடு சேர்த்து ஒரு மாட்டுக்கறிக் கடையைப் போட வைப்பதைவிட விழாவே வேண்டாம் என்பது அவர்களுக்கு எளிதாக இருந்தது.

குவளைக்குள் இருப்பதையும் பார்ப்போம். கர்நாடகம் 2007-ல் சாராயத்தைத் தடை செய்தது. சாராயம் தின்ற குடும்பங்களை நான் அறிவேன், அது திரும்பி வர வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் கூலிக்காரர் குடித்தால் ஒழுக்கக்கேடு, ஐடி ஊழியர் குடித்தால் ரசனை என்பது என்ன கணக்கு? இப்போது கேழ்வரகு பியர்கூட வந்துவிட்டது. களியாகத் தட்டில் கிடந்தபோது அது ஏழைச் சோறு, நுரைத்துக்கொண்டு வந்தால் மண்ணின் பாரம்பரியமாம். அந்தப் பாரம்பரியத்துக்குத் தொட்டுக்கொள்ளக் கறி கேட்டால் மட்டும் மெனுவில் இருக்காது.

விடிந்ததும் தெருவில் கிடக்கும் கோப்பைகளையும் எலும்புகளையும் அள்ள வருகிறவர்கள் பௌரகார்மிகர்கள். பெரும்பாலும் தலித் பெண்கள். நேற்றிரவு எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்று முடிவெடுத்தவர்களில் அவர்கள் வீட்டு ஆள் ஒருவராவது இருந்தாரா?

இந்த விழாக்களுக்குப் போகிறவர்கள் நம்மிலும் உண்டு. போங்கள், குடியுங்கள், ஆடுங்கள், எனக்கு ஆட்சேபமில்லை. டிக்கெட் வாங்குவதற்கு முன் அமைப்பாளருக்கு ஒரு வரி எழுதுங்கள்: மாட்டுக்கறிக் கடை எந்த வரிசையில் இருக்கிறது? வருகிற பதிலை, பதிலே வராவிட்டால் அதையும், எல்லாரும் பார்க்கும்படி போடுங்கள்.