சிலம்பு யார் கையில்?



பாண்டியன் அவையில் நீதி தவறிற்று. ஆயினும் அம்மன்னனிடம் ஒரு நேர்மை இருந்தது. கோவலனிடமிருந்து பறித்த சிலம்பைக் கொண்டுவரச் செய்து, கண்ணகியின் கண்ணெதிரே வைத்தான். உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது, உண்மை வென்றது. அதற்குள் அந்தச் சிலம்பை அரண்மனைக் காவலர் உருக்கிவிட்டிருந்தால்?

வீண் கற்பனையன்று இது. 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனுமான இரு வணிகர் அடைபட்டனர். சில நாட்களில் இருவரும் பிணமாயினர். அந்நிலையத்தில் கண்காணிப்புக் கேமரா இருந்தது. பதிவுத் தட்டில் இடமும் இருந்தது. ஆயினும் அன்றன்றைய பதிவு அன்றன்றே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததென, விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் உயர்நீதிமன்றத்துக்கு அறிக்கை தந்தார். கண் இருந்தது, நினைவு பறிக்கப்பட்டிருந்தது!

அவ்வாண்டு டிசம்பர் 2 அன்று உச்சநீதிமன்றம், காவல் நிலையந்தோறும் கேமரா வேண்டும், பதிவுகளை 18 மாதம் காத்திட வேண்டும் என ஆணையிட்டது. வரவேற்கிறோம். ஆனால் கேட்கிறோம்: குற்றம் சாட்டப்படுவோரிடமே பெட்டகத்தின் சாவி இருக்குமானால், பெட்டகத்தால் பயன் என்ன?

கடல் கடந்து பாருங்கள். 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், காவலரின் முழங்காலின் கீழ் ஜார்ஜ் ஃபிளாய்ட் மாண்டார். காவல் துறையின் முதல் அறிக்கை அதை உடல்நலக் கோளாறு போலக் காட்டிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை! தெருவில் நின்ற 17 வயதுப் பெண்ணின் கைபேசிப் பதிவு உலகெங்கும் பரவியது. 2021 ஏப்ரலில் அந்தக் காவலர் கொலைக் குற்றவாளியெனத் தீர்ப்பாயிற்று.

ஆனால் கைபேசியைப் பறிக்கலாம், உடைக்கலாம். ஒரு நிறுவனத்தின் தளத்தில் ஏற்றியதை ஓர் ஆணையால் நீக்கலாம். ஆகவேதான், படிகளைப் பல ஊர்க் கணினிகளில் பரப்பி வைக்கும் ஐபிஎஃப்எஸ் போன்ற முறைகள் தேவைப்படுகின்றன. அங்கே பதிவின் முகவரி, அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணித்தெடுத்த ‘ஹாஷ்’ என்னும் அடையாளம். ஒரு புள்ளி மாறினாலும் அடையாளம் மாறிவிடும். உள்ளிருப்பது முத்தா மாணிக்கமா என்று சிலம்பே சொன்னதுபோல, மாற்றம் நேர்ந்ததா என்பதைப் பதிவே சொல்லும். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுக்கான சான்றிதழும் இந்த ஹாஷைக் கேட்கிறது.

புதுமை எனத் திகைக்க வேண்டாம். நம் இலக்கியங்கள் எவ்வாறு பிழைத்தன? ஒரே கருவூலத்தில் பூட்டப்பட்டதாலா? ஊர் ஊராக, வீடு வீடாக ஏடுகள் படியெடுக்கப்பட்டதால் அல்லவா! ஓரிடத்துச் சுவடியைக் கரையான் தின்றபோது, வேறிடத்துச் சுவடி வாழ்ந்தது.

எனினும் கருவியே காவலன் ஆகிவிடாது. பேணுவார் இல்லையேல் பரவிய படியும் மறையும். அடிபட்டவரின் அவலம் ஊருக்குக் காட்சிப்பொருளாகவும் கூடாது. ஆகவே பூட்டிட்ட படிகளையே பரப்ப வேண்டும். திறவுகோலைக் குடும்பத்தாரும் வழக்கறிஞரும் வைத்திருக்க வேண்டும்.

எனவே தோழர்களே, மாவட்டந்தோறும் வழக்கறிஞரும் கணினி கற்ற இளைஞரும் ஒன்றுகூடுங்கள். படமெடுத்தவரிடம் அன்றே செல்லுங்கள், அடையாளத்தைக் குறியுங்கள், படிகளைப் பல இடங்களில் சேருங்கள். மூலம் இருக்கும் கைபேசியையும் பத்திரப்படுத்துங்கள். நீதி கேட்டு வரும் அடுத்த கண்ணகி வெறுங்கையோடு அவையேறக் கூடாது!