கடைசி நாளுக்குப் புது இடம் வேண்டாம்

வெளிநாட்டுச் சுற்றுலாவில் பெரும்பாலும் வீணாவது கடைசி இரண்டு நாட்கள்தான். பெரியவர்களுக்குக் கால் வலி, பிள்ளைகளுக்கு வீட்டு நினைப்பு. அந்த நேரம் பார்த்து, "இவ்வளவு தூரம் வந்துவிட்டு இதைப் பார்க்காமல் போவதா?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். விட்டுப்போனதையெல்லாம் ஒரே பகலில் திணித்து, ராத்திரி அவசரமாகப் பெட்டி கட்டி ஊர் திரும்பினால், எந்தக் கோயில் எங்கே இருந்தது என்பதே குழம்பிப்போகும்.

அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கம்போடியாவின் சியம் ரீப்புக்குப் போனபோது, இதற்கு நல்லதொரு மாற்று கிடைத்தது. அங்கோர் கோயில்களுக்கு மூன்று நாள் சீட்டு 62 டாலர். 12 வயதுக்குக் கீழ் கட்டணம் இல்லை. மூன்று நாளும் அடுத்தடுத்துப் போக வேண்டியதில்லை, 10 நாட்களுக்குள் போனால் போதும். ஒரு நாளை மிச்சம் பிடித்து, ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின பகலுக்கு வைத்துக்கொண்டோம். ஏற்கெனவே பார்த்த அங்கோர் வாட்டுக்கே மறுபடியும் போவதற்காக.

முதல் தடவை விடியற்காலையில், குளத்தங்கரைக் கூட்டத்தில் முண்டியடித்துச் சூரிய உதயம் பார்த்தோம். அங்கிருந்து பேயோன் கோயிலின் கல் முகங்கள், தா புரோம் கோயிலில் சுவரைக் கவ்விய வேர்கள் என்று ஒரே ஓட்டம். இந்தத் தடவை ஒரே ஒரு சுவர்தான் கணக்கு.

12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எழுப்பிய கோயில் அங்கோர் வாட். கிழக்குப் பிராகாரத்தில் ஏறக்குறைய 50 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் விழி பிதுங்கிய அசுரர்கள், மறுபக்கம் கூம்பு மகுடம் தரித்த தேவர்கள், நடுவில் பெருமாள், அடியில் ஆமை. அம்மா கதை சொல்லிக்கொண்டே நடக்க, பிள்ளைகள் பின்னால் போனார்கள்.

மகள் குனிந்து கீழ்வரிசையைப் பார்த்தாள். "பாட்டி, மீனெல்லாம் ரெண்டா வெட்டுப்பட்டுக் கிடக்கு!" உண்மைதான். கடலுக்குள் மலை சுழன்றால் பக்கத்தில் நீந்தும் மீனுக்கு என்ன ஆகும் என்பதைக்கூட அந்தச் சிற்பி யோசித்திருக்கிறான். தேவர்கள் வரிசையின் கடைசியில், பாம்பின் வாலைப் பிடித்து இழுப்பது ஒரு வானரம். "நீங்க சொன்ன கதையில குரங்கே வரலையே?" என்று கேட்டாள். "நம்ம ஊர்க் கதையில இல்லடி. இவங்க ஊர்ல அவரும் வந்து கை கொடுத்திருக்கார்" என்றார் அம்மா.

முதல் முறையும் இதே சுவரைக் கடந்துதான் போனோம். மீனும் வானரமும் யார் கண்ணிலும் படவில்லை. முதல் பார்வை கோயிலின் பிரம்மாண்டத்தை வியப்பதிலேயே தீர்ந்துவிடுகிறது. வேலைப்பாட்டைப் பார்க்க இரண்டாம் பார்வை வேண்டும். வேறெங்கும் போக வேண்டிய அவசரம் இல்லாததால்தான் பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள், பாட்டிக்கும் பதில் சொல்ல நேரம் இருந்தது.

கிளம்பும் நாளை நம்ப முடியாது. 2023-இல் திறந்த புதிய விமான நிலையம் ஊரிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத் தொலைவு. பாதி நாள் அதிலேயே போய்விடும். ஆகவே பயணத் திட்டம் போடும்போதே அதற்கு முந்தின நாளைக் காலியாக விடுங்கள். அன்று எங்கே போவது என்பதை அங்கே போய்ச் சேர்ந்தபின், பிள்ளைகளையும் பெரியவர்களையும் கேட்டு முடிவு செய்யுங்கள். எந்த இடத்தைத் திரும்பப் பார்க்க ஆசைப்படுகிறோம் என்பது, ஒரு தடவை பார்த்த பிறகுதானே தெரியும்!