வேலணைக்குப் பெயரளித்த நகரம்

யாழ்ப்பாணத்துத் தீவுகளின் பழைய படங்களைப் பார்த்தவர்கள், வேலணைத் தீவின்மேல் 'லெய்டன்' என்ற பெயர் பொறிக்கப்பட்டிருத்தலைக் கண்டிருப்பர். நெடுந்தீவை 'டெல்ஃப்ற்' என்றழைத்த ஒல்லாந்தரே இப்பெயரையும் இட்டனர். பெயரைத் தந்த அந்நகரைக் கண்ணாற் காணவேண்டுமென்ற ஆவல் நமக்கு நெடுநாளாக இருந்தது. அது நிறைவேறிய நாளும் நன்னாளாகவே அமைந்தது. ஒக்டோபர் 3 ஆம் திகதி லெய்டன் நகர மக்களுக்குப் பொங்கலும் தீபாவளியும் ஒன்றாய் வந்தாற் போன்றதொரு திருநாளாகும்.

காலை ஏழு மணிக்கே நகர மண்டபத்தின் முன் எழுந்த வாத்திய ஒலி ஊரைத் துயிலெழுப்பியது. பின்னர் மக்கள் பூங்காவிற் கூடிப் பழைய கீதங்களை ஒரே குரலாகப் பாடினர். பழைய நிறுவைச்சாலையின் வாயிலிலோ நீண்ட வரிசை. அங்கே ஊரவர்க்கு ஹெரிங் மீனும் வெள்ளைப் பாணும் வழங்கினர். முதியோர், இளையோர், செல்வர், வறியர் என்ற வேறுபாடின்றி யாவரும் காத்து நின்றனர். இத்துணை வளம் மிகுந்த நாட்டிலே ஒரு மீனுக்கும் ஒரு பாணுக்கும் இத்தனை கூட்டம் ஏனென்று வாசகர் வினவலாம். அதற்கு விடை 1574 ஆம் ஆண்டிலே இருக்கிறது.

அப்போது ஒல்லாந்து தேசம் ஸ்பானிய மன்னனின் ஆட்சியை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தது. ஸ்பானியப் படை அவ்வாண்டு மே மாதம் லெய்டனை இரண்டாம் முறையாக முற்றுகையிட்டது. உணவு அருகியது, பசியோடு கொள்ளைநோயும் புகுந்தது. நகர மக்களில் மூன்றிலொரு பங்கினர் மாண்டனர் என்பர். சரணடைவோம் என்று கூக்குரலிட்ட மக்களிடம், "என் கையை வெட்டி உண்ணுங்கள், நகரை மட்டும் கொடுக்க மாட்டேன்" என்று நகரபிதா வான் டெர் வெர்ஃப் கூறியதாக ஒரு கதை வழங்குகின்றது.

ஒரேஞ்சு இளவரசர் வில்லியமின் ஆணைப்படி ஆகஸ்டு மாதத்தில் அணைகள் உடைக்கப்பட்டன. கடலினின்று நிலத்தைக் காப்பதையே வாழ்வாகக் கொண்ட மக்கள், தம் வயல்களைத் தாமே வெள்ளத்துக்குக் கொடுத்தனர். ஆயினும் நீர் போதிய அளவு உயரவில்லை. வாரங்கள் கழிந்தபின், ஒக்டோபர் முதல் நாட்களிற் புயல் எழுந்து நீரை உள்ளே தள்ளியது. தட்டையான அடியுடைய படகுகள் வயல்களின் மீது மிதந்து வந்தன. ஸ்பானியர் இரவோடிரவாக விலகினர். 3 ஆம் திகதி காலை நகருக்குள் வந்த படகுகளில் இருந்தவை ஹெரிங் மீனும் வெள்ளைப் பாணுமே. அடுத்த ஆண்டிலே அந்நகரில் சர்வகலாசாலை நிறுவப்பட்டது.

வரிசையில் வழங்கும் உணவு பதிந்துகொண்ட ஊரவர்க்கே உரியது. அயலிலே நின்று பார்த்த நமக்கு, மூதாட்டியார் ஒருவர் தம் பாணிற் பாதியைப் பிய்த்து நீட்டினார். மறுத்தும் கேளாமல், அன்று மாலை தம் இல்லத்துக்கும் அழைத்தார். கரட், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றை அவித்து மசித்து, மாட்டிறைச்சியோடு பரிமாறும் 'ஹுற்ஸ்பொற்' என்பதே அன்று வீடுதோறும் உணவு. ஸ்பானியர் விட்டோடிய அரணில் ஓர் அநாதைச் சிறுவன் கண்டெடுத்த பானையில் இருந்தது இதுவே என்பது மரபு. அப்பானையென்று போற்றப்படும் ஒன்றை மறுநாள் லாக்கன்ஹால் நூதனசாலையிற் கண்டோம்.

உணவு வேளையில் நம் ஊரைப்பற்றி அம்மையார் வினவினார். அவர் நகரின் பெயரைத் தாங்கிய தீவொன்று எம்மிடம் உண்டு என்றோம். அவர் வியந்தார். அப்பெயர் எவ்வாறு வந்ததென்று கேட்டபோது நாம் சற்றுத் தயங்கினோம்.

முற்றுகைக் காலத்தில் உலோகம் அருகியமையால் லெய்டன் மக்கள் கடதாசியில் நாணயம் அடித்தனர். 'இது விடுதலையின் பொருட்டு' என்று அதில் இலத்தீன் மொழியிற் பொறித்தனர். அந்நாணயம் அடித்து எண்பத்துநான்கு ஆண்டுகளின் பின், 1658 இல், அதே நாட்டவர் யாழ்ப்பாணக் கோட்டையை மூன்று மாதங்களுக்கு மேலாக முற்றுகையிட்டனர். உள்ளிருந்த போர்த்துக்கேயர் பசியாலும் நோயாலும் நலிந்து பணிந்தனர். யாழ்ப்பாணத்தவர்க்கோ விடுதலை கிட்டவில்லை. ஆள்வோர் மாறினர், அவ்வளவே. இதனை நாம் மெல்லக் கூறினோம். அம்மையார் கரண்டியை வைத்துவிட்டு, "பாடசாலையில் இதனை எமக்குச் சொல்லித் தரவில்லை" என்றார். பின்னர் நம் கோப்பையை மீண்டும் நிரப்பினார்.

பசியை அறிந்தவர் பிறரைப் பசிக்க விடார் என்று எண்ணுவது நம் இயல்பு. சரித்திரம் அதற்கு உறுதி தரவில்லை. நினைவைத் தம் வீட்டுக்கு மட்டும் உரியதாக வைத்துக்கொண்டால், அது பெருமையாகிவிடும். அயலவன் தட்டையும் நோக்கும்போதே அறமாகும். 2006 ஆம் ஆண்டிற் குடாநாட்டுப் பாதை அடைபட்டபோது உணவுக்காக வரிசையில் நின்றோர் நம் இல்லங்களிலும் உளர். அந்நாட்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது, அன்று தம்மிடமிருந்ததிற் பாதியைப் பகிர்ந்தளித்த அயலவரையும் மறவாது சொல்லுங்கள்.