கசானுக்கு நான் எழுந்து நிற்க மாட்டேன்

போன மாதம் ஒரு திரைப்படக் கலந்துரையாடலில் எலியா கசானின் 'ஆன் தி வாட்டர்ஃபிரண்ட்' படத்தைத் திரையிட்டார்கள். படம் முடிந்து விளக்கு போட்டதும் ஒரு கேள்வி கேட்டேன்: "இந்தப் படம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னாடி கசான் செஞ்சதையும் சேர்த்துப் பேசலாமா?"

நெறியாளர் சிரித்தார். "அதெல்லாம் எதுக்குங்க? படைப்பு வேற, படைப்பாளி வேற."

கூட்டம் தலையாட்டியது. மார்லன் பிராண்டோவின் நடிப்பை முக்கால் மணி நேரம் புகழ்ந்துவிட்டு தே தாரிக் குடிக்கப் போய்விட்டோம். அன்று சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கசான் பெரிய கலைஞர். 1909இல் இஸ்தான்புல்லில் ஒரு கிரேக்கக் குடும்பத்தில் பிறந்து, நான்கு வயதில் அமெரிக்கா வந்தவர். 1947இல் டென்னசி வில்லியம்ஸின் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசயர்', 1949இல் ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' என்று பிராட்வே மேடையையே புரட்டிப் போட்டார். பிராண்டோவின் உச்சங்களும் ஜேம்ஸ் டீனின் முதல் கதாநாயக வேடமும் இவர் கையில்தான் உருவாயின. நடிப்பு என்றால் உரக்க வசனம் பேசுவதுதான் என்ற நினைப்பை உடைத்தவர்களில் இவர் முக்கியமானவர். இதில் எனக்குச் சண்டையே இல்லை.

சண்டை 1952இல் தொடங்குகிறது. முப்பதுகளில், 'குரூப் தியேட்டர்' நாடகக் குழுவில் இருந்தபோது, கசான் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தார். பிறகு மனம் கசந்து வெளியேறினார். 1952 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு அவரை அழைத்தது. தன்னைப் பற்றி மட்டும் சொன்னார். மற்றவர்கள் பெயரைச் சொல்ல மறுத்தார். ஏப்ரல் 10ஆம் தேதி மீண்டும் போய், பழைய நாடகத் தோழர்கள் எட்டுப் பேரின் பெயர்களைச் சொல்லிவிட்டார். அவர்களில் ஒருவரான ஜே. எட்வர்ட் புரோம்பெர்க் இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. இரண்டு நாள் கழித்து 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் காசு கொடுத்து விளம்பரம் போட்டு, மற்றவர்களும் முன்வந்து பேச வேண்டும் என்று அறிவுரையும் சொன்னார்.

கசானைக் காப்பாற்ற வருபவர்கள் மூன்று வாதங்களோடு வருவார்கள்.

ஒன்று, அந்தப் பெயர்கள் குழுவிடம் ஏற்கனவே இருந்தன, இவர் சொன்னதால் புதிதாக என்ன கெட்டுவிட்டது? சரி, தெரிந்த பெயரை எதற்கு மறுபடி கேட்டார்கள்? தகவலுக்காகவா? மண்டியிட வைப்பதற்காகத்தான். பணிந்தால் வேலை, மறுத்தால் கறுப்புப் பட்டியல். கசான் கொடுத்தது பணிவு. அதற்கான விலையை எட்டுப் பேரின் பெயரில் கட்டினார்.

இரண்டு, ஸ்டாலினின் கொடுமைகளை அவர் உண்மையிலேயே வெறுத்தார். நானும்தான் வெறுக்கிறேன். அப்படியென்றால் ஸ்டாலினைக் கிழித்து ஒரு நாடகம் போட்டிருக்கலாம், பத்துக் கட்டுரை எழுதியிருக்கலாம். நியூயார்க்கில் நாடகம் நடித்துக்கொண்டிருந்த நடிகர்களைக் காட்டிக்கொடுத்து ஸ்டாலினை எப்படி எதிர்ப்பது?

மூன்று, வயிற்றுப்பாடு. இதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. அன்று பிராட்வேயில் அவரைவிடச் செல்வாக்கான இயக்குநரைத் தேட வேண்டும். ஹாலிவுட் கதவைச் சாத்தியிருந்தாலும் மேடை அவருக்குத் திறந்தே இருந்தது. அதே ஆண்டில் நாடகாசிரியர் லில்லியன் ஹெல்மன், என்னைப் பற்றிக் கேளுங்கள், பிறரைப் பற்றிப் பேச மாட்டேன் என்று அந்தக் குழுவுக்குக் கடிதம் எழுதினார். 1956இல் மில்லரும் பெயர் சொல்ல மறுத்தார். மறு ஆண்டு குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது, 1958இல்தான் அது ரத்தானது. வேறு வழியே இல்லை என்பது பொய். வழி இருந்தது, விலை அதிகம்.

இப்போது படத்துக்கு வருவோம். 1954இல் வந்து எட்டு ஆஸ்கர் வாங்கிய அந்தப் படத்தின் நாயகன் டெர்ரி மலாய், துறைமுகத் தொழிற்சங்க ரவுடிகளுக்கு எதிராக விசாரணையில் சாட்சி சொல்கிறான். ஊரே காட்டிக்கொடுத்தவன் என்று ஒதுக்குகிறது. கடைசியில் அவனே வீரன். திரைக்கதை எழுதிய பட் ஷுல்பெர்க்கும், வில்லனாக நடித்த லீ ஜே. காப்பும் அதே குழுவின் முன் பெயர் சொன்னவர்கள். டெர்ரியில் இருப்பது தானே என்று கசானே தன் சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். படைப்பாளியே தன் செயலைப் படைப்புக்குள் கொண்டுவந்து வைத்து, நியாயம் கேட்டு நிற்கிறார். நாமோ, "அதைப் பேசக்கூடாது" என்கிறோம். இது ரசனையா? அரைகுறை வாசிப்பு.

அந்த நியாயத்தில் இருக்கும் ஓட்டை, வாழ்க்கையைத் தெரிந்தவனுக்கு மட்டுமே தெரியும். டெர்ரி கொலைகாரர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னான். அவனுடைய அண்ணனையே கொன்று தொங்கவிட்டிருந்தார்கள். கசான் பெயர் சொன்ன எட்டுப் பேர் யாரைக் கொன்றார்கள்? டெர்ரி சாட்சி சொல்லி அடிவாங்கினான். கசான் சாட்சி சொல்லி ஆஸ்கர் வாங்கினார்.

1999இல் கசானுக்கு வாழ்நாள் சாதனைக்கான கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். மார்ட்டின் ஸ்கோர்செசியும் ராபர்ட் டி நீரோவும் மேடையில் நின்றார்கள். அரங்கில் பாதிப் பேர் எழுந்து கைதட்ட, எட் ஹாரிஸ், நிக் நோல்டி போன்றவர்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். எண்பத்தொன்பது வயதில், நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து, உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது கிடைத்த வாய்ப்பு. 1952 பற்றி ஒரு சொல் பேசவில்லை. நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கசான் படங்களைத் தடை செய்யச் சொல்கிறேனா? இல்லவே இல்லை. பாருங்கள், திரும்பத் திரும்பப் பாருங்கள். தன் மாமா அனடோலியாவிலிருந்து அமெரிக்கா வந்த கதையை 1963இல் 'அமெரிக்கா அமெரிக்கா' என்று எடுத்தார். போய்ச்சேர வேண்டும் என்பதற்காக அந்த இளைஞன் எதையெல்லாம் விற்கிறான், யாரையெல்லாம் ஏமாற்றுகிறான் என்று பாருங்கள். 1952ஐத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தப் படம் வேறு மாதிரி வலிக்கும். கசான் மேல் எனக்கு இரக்கம் வந்தது அங்கேதான். விருது மேடைக்கும் படத்துக்கும் இதுதான் வித்தியாசம். படம் கேள்விகளோடு வருகிறது. வாழ்நாள் விருதோ, முழு வாழ்க்கைக்கும் சேர்த்துக் கைதட்டச் சொல்கிறது.

கடைசியாக, என் பங்கு. சில ஆண்டுகளுக்கு முன் நான் மதிக்கும் ஓர் எழுத்தாளர், தன்னை நம்பிய இளைஞன் ஒருவனைப் பலர் முன்னால் கைவிட்டார். அவன் என்னிடம் வந்து, "நீயாவது ஏதாச்சும் சொல்லுடா" என்றான். நான் சொன்னது இதே வாக்கியம்தான்: படைப்பு வேற, படைப்பாளி வேற. அந்த எழுத்தாளரின் அடுத்த நூலுக்கு விமர்சனமும் எழுதினேன். அவன் அதற்குப் பிறகு எழுதவே இல்லை.

அந்த வாக்கியம் எவ்வளவு வசதியானது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அன்று கலந்துரையாடலில் அது காதில் விழுந்ததும் எரிந்தது.